மாமாவின் கூரை

ஆடி பிறந்த சமயத்தில் பொங்கியண்ணன் தன் புது அரிசி மில்லைக் காட்டத் தங்கை வீட்டாரை வரச் சொல்லியிருந்தார். பெருமாட்டியிலிருந்து சித்தூர் போகும் சாலையை ஒட்டி, தென்னந்தோப்புக்கு நடுவே மில் நின்றது. லாரி உள்ளேயே வந்து மூட்டை இறக்கும்படி மேற்குப் பக்கம் முழுக்கத் திறந்திருந்தது. மற்ற மூன்று பக்கமும் சுவர். மேலே பளபளக்கும் தகரக் கூரை. வாசலுக்கு வெளியே ஆள் நீளத்துக்கு அது நீட்டிக்கொண்டிருந்தது. பொங்கியண்ணன் ஒவ்வொரு தூணையும் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டே நடந்தார்.

தங்கை மகள் முத்தாத்தாளிடம் மட்டும் அவர் நேராக எதுவும் பேசவில்லை. மூன்று வருடமாக அப்படித்தான். சித்தூர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவளுக்கு, சோவியத்து நாட்டில் விமானப் பொறியியல் படிக்க உதவித்தொகை கிடைத்தபோது உறவில் முதலில் எதிர்த்தவர் அவர்தான். "ஏரோப்ளேன் படிப்புப் படிச்சுட்டு வந்து அதைய எங்க கொண்டாந்து நிறுத்துவா? வரப்பு மேலயா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அவள் அப்பா ஆறுச்சாமி அதிகம் பேசாத மனிதர். "போவட்டுமுங்க மச்சான்" என்று மட்டும் சொன்னார். வழியனுப்பப் பொங்கியண்ணன் வரவில்லை.

எழுபத்திரண்டில் கீவ் நகரத்துக்குப் போனாள். முதல் வருடம் முழுக்க ரஷ்ய மொழி. அதன் பிறகு அந்த மொழியிலேயே கணக்கு, இயந்திரவியல், காற்றியக்கவியல். வியட்நாம்காரி ஒருத்தியும் கியூபாக்காரி ஒருத்தியும் அவளோடு ஒரே அறையில் இருந்தார்கள். மூவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ரஷ்யன் மட்டும்தான், அதிலேயே சண்டையும் போட்டுக்கொண்டார்கள். அங்கே தேர்வு என்றால் பேராசிரியருக்கு எதிரே உட்கார்ந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். காற்றியக்கவியல் தேர்வில் அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது, இறக்கையின் மேலும் கீழும் காற்று போகும் படமும் சரியாகப் போட்டிருந்தாள். ஆனால் நாக்கு எழவில்லை. நரைத்த தலையோடு எதிரே இருந்த அம்மாள் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "போய், பேசப் பழகிக்கொண்டு வா" என்று அனுப்பிவிட்டார். உறைந்து கிடந்த ஆற்றங்கரையில் நடந்தபடி, எதிரே வந்தவர்கள் திரும்பிப் பார்க்க, அவள் சத்தமாகப் பேசிப் பேசிப் பழகினாள். மறுமுறை ஐந்துக்கு ஐந்து வாங்கினாள். அதைச் சொல்லிக்கொள்ளத்தான் இந்த விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தாள். அப்பாவிடம் சொன்னாள். தலையைத் தடவி, "அப்புடியா சாமி" என்றார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மில்லுக்குள் நின்றபோது தேர்வில் போட்ட அந்தப் படம்தான் அவள் கண் முன்னால் வந்தது. திறந்த மேற்கு வாசல். காற்று வெளியேற வழியில்லாத கிழக்குச் சுவர். இறக்கை மாதிரி நீண்ட கூரை. மலைகளுக்கு நடுவே கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று மேற்கிலிருந்துதான் அடிக்கும்.

"மாமா, இந்தக் கூரை நிக்காதுங்க."

மில்லைக் கட்டிய நல்லமுத்து மேஸ்திரி சிரித்தார். "தூணு ஒவ்வொண்ணும் ஆனை சாஞ்சாலும் அசையாதுங்க அம்மணி. காத்து என்னத்த அமுக்கீரும்?"

"அமுக்காதுங்க. தூக்கும்."

"இத்தன எடையயா?"

அவள் சொல்லத் தொடங்கினாள். அழுத்தம், வேகம், மேல்பக்கம், கீழ்ப்பக்கம். பாதி வாக்கியத்தில் ரஷ்யச் சொல் வந்து விழுந்தது. அதை விலக்கினால் இன்னொன்று வந்தது. படித்ததெல்லாம் அந்த மொழியில்தான் உள்ளே இருந்தது. தமிழில் அதற்கெல்லாம் என்ன பெயர் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"என்ன, மந்திரம் ஓதறயா?" என்றார் பொங்கியண்ணன். மூன்று வருடத்தில் அவளிடம் அவர் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. எல்லோரும் சிரித்தார்கள். ஆறுச்சாமி சிரிக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முத்தாத்தாளுக்குக் காது மடல் சுட்டது. எடை மேசை மேல் மலையாளப் பேப்பர் ஒன்று கிடந்தது. அதில் நீளமாக ஒரு துண்டு கிழித்தாள். ஒரு முனையைக் கீழ் உதட்டுக்குக் கீழே வைத்துப் பிடித்தாள். மறுமுனை வளைந்து தொங்கியது.

"இது கூரைங்க மாமா. நான் மேலால ஊதறேன், அடியில ஊதல. பாத்துக்குங்க."

ஊதினாள். தொங்கிய காகிதம் எழுந்து நேராக நின்றது.

பொங்கியண்ணன் கிட்டே வந்தார். "இன்னொருக்கா ஊது." ஊதினாள். அவர் துண்டைப் பிடுங்கித் தன் மீசைக்குக் கீழே வைத்து, கன்னம் உப்ப ஊதினார். காகிதம் எழுந்தது. நிறுத்தினார், விழுந்தது. திரும்பத் திரும்ப ஊதிப் பார்த்தார்.

"மேல போற காத்து இப்புடித் தூக்குதுங்க. வாசல்ல புகுந்தது வெளிய போவ வழியில்லாம அடியில இருந்து முட்டுது. ரெண்டும் சேந்தா எடையெல்லாம் கணக்கே இல்லீங்க."

அவர் அண்ணாந்து வெகுநேரம் கூரையைப் பார்த்தார். புதுத் தகரம். ஊர் முழுக்கக் கூப்பிட்டுக் காட்டியது.

"இப்ப என்ன பண்ணோணும்?"

மறுநாள் காலையிலிருந்து அவள் மில்லிலேயே இருந்தாள். விட்டங்களைத் தூண்களோடு பட்டை இரும்பு வைத்துக் கட்டி போல்ட்டு முடுக்கச் சொன்னாள். கிழக்குச் சுவரின் உச்சியில் வரிசையாகத் திறப்புகள் வைக்கச் சொன்னாள். வாசலுக்கு வெளியே நீண்ட கூரையை வெட்டச் சொன்னபோது மேஸ்திரி மறுத்தார். "சாரல் உள்ளார வந்து நெல்லு நனையுமுங்க." அது அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. இருவரும் தரையில் கரியால் கோடு போட்டு வாதாடி, பாதியை வெட்டி, நெல் மூட்டைகளை உள்ளே தள்ளி அடுக்குவது என்று முடித்தார்கள். நெல் இறக்க வந்த லாரிக்காரர் ஒருவர், புதுக் கூரையை எதற்கு வெட்டுகிறீர்கள் என்று கேட்டார்.

"என்ர தங்கச்சி மக சொன்னா. ஏரோப்ளேன் செய்யறதுக்குப் படிக்கறா" என்றார் பொங்கியண்ணன். "நீங்க வண்டிய அந்தப் பக்கமா நிறுத்துங்க."

ஆறுச்சாமி அப்போது தூணோரம் நின்றிருந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவசியமே இல்லாமல் ஒரு போல்ட்டை எடுத்து மேஸ்திரியிடம் நீட்டினார்.

அவள் திரும்பிப் போக வேண்டிய வாரத்தில் காற்று வந்தது. உச்சிப் பொழுது. மேற்கே தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. சாலையில் ஒரு சைக்கிள் ஆளோடு சேர்ந்து விழுந்தது. மில்லுக்குள் நெல் தூற்றிக்கொண்டிருந்த பெண்கள் முறங்களைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார்கள். முத்தாத்தாள் அசையவில்லை. கீவில் தவறினால் மறுபடி போய் உட்காரலாம். இங்கே கூரைக்குக் கீழே மனிதர்கள் இருந்தார்கள். அவள் கை தூணைப் பற்றியிருந்தது. இரும்புப் பட்டையின் அதிர்வு உள்ளங்கை வழியாகத் தோள்வரை ஏறியது. கூரை உறுமியது. கிழக்குத் திறப்புகள் வழியாகத் தவிடும் தூசியும் சீறிக்கொண்டு வெளியே பறந்தன.

பொங்கியண்ணன் மூட்டை அடுக்கிலிருந்து இறங்கி வந்தார். மில்லுக்கு நட்ட நடுவில், விட்டத்துக்கு நேர் கீழே, சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"சுருளியம்மா! எங்க ஓடறீங்க எல்லாரும்? சோத்து நேரமாச்சல்ல? எலயப் போடுங்க."

ஓடிய பெண்களோடு வாசலில் நின்ற சுருளியம்மாள் மேலே பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். இலைகள் பறக்காமலிருக்க ஓரங்களில் ஆளுக்கொரு கைப்பிடி நெல்லை வைத்துக்கொண்டார்கள். பொங்கியண்ணன் தன் பக்கத்தில் ஓர் இலையை விரித்து, முத்தாத்தாளைப் பார்த்துத் தரையைத் தட்டினார். அவள் தூணை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அவரே எழுந்து சோற்றுக் குண்டாவை வாங்கிப் பரிமாறினார். அவளிடம் வந்தபோது ஏதோ கேட்டார். காற்றின் இரைச்சலில் உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. அவள் காதைக் காட்டித் தலையை ஆட்டினாள். அவர் கரண்டியை உயர்த்திக் காட்டி, எவ்வளவு வேணும் என்று புருவத்தால் கேட்டார். அவள் விரல் நுனிகளைக் குவித்து, கொஞ்சம் என்று காட்டினாள். கரண்டி நிறையச் சோறு அவள் இலையில் விழுந்தது.