படுத்தபடியே

வண்டிக்காரர் படித்திருப்பத்தில் நின்று இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். ஒரு கை சுவரில் இடித்தது, இன்னொன்று கைப்பிடிக் கம்பியில்.

"ஸ்ட்ரெச்சர் திரும்பாதும்மா. நாற்காலில உக்கார வெச்சுக் கட்டித்தான் இறக்கணும். மாடி வீடுன்னா எல்லாருக்கும் அப்படித்தான்."

கோச்சின் மனைவி மூன்றாம் மாடி வாசலில் நின்றிருந்தாள். கணவர் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து இந்த ஒரு பேச்சுக்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள். விடியற்காலை மூச்சு நின்றபோது 'அப்பாடா, வலி விட்டது' என்றுதான் முதலில் தோன்றியது. அவருக்கா தனக்கா என்று அவள் பிரித்துப் பார்க்கவில்லை. அடுத்த நொடியே இந்தப் படிக்கட்டு நினைவுக்கு வந்துவிட்டது.

போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, போர்வையால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டி இறக்கினார்கள். தலை தொங்கியது. ஒவ்வொரு மாடியிலும் கதவைப் பாதி திறந்து பார்த்தார்கள். பல்கலைக்கழக ஹாக்கி மைதானத்தின் ஓரக்கோட்டில் நின்று நின்றே தலை வெளுத்த மனுஷன், தெருவுக்குப் போய்ச் சேரும்வரை கண்ணைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றுதான் சொன்னார்: "இனிமே என்னை மூட்டை மாதிரி இறக்க விடாதே." சரி என்று தலையாட்டிவிட்டாள். எந்தத் தைரியத்தில் ஆட்டினாளோ.

கொழுந்தன் பிளாஸ்டிக் நாற்காலியும் போர்வையுமாக வந்தான். "வேற வழி இல்ல அண்ணி. போன உயிருக்கு நாற்காலின்னு தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுமே, தம்பி."

அவன் நாற்காலியைத் திருப்பத்தில் வைத்து, போர்வையை அதன் கையில் போட்டான். பல்கலைக்கழகத்திலிருந்து மலர்வளையத்தோடு வந்த அதிகாரி தொண்டையைச் செருமினார். "கீழ ரெண்டு வார்த்தை பேசணும். சார் மொத்தம் எத்தனை கோப்பை ஜெயிச்சாரு?"

"ஒண்ணு."

அதிகாரியின் முகம் சப்பென்று ஆனது.

அதற்குள் தடதடவென்று படியில் காலடிச் சத்தம். காலையிலிருந்து தெருவில் நின்றிருந்த பழைய ஆட்டக்காரர்கள். நரை, வழுக்கை, தொப்பை. ஒருவன் பஸ் ஓட்டிவிட்டு உடுப்பைக்கூட மாற்றாமல் வந்திருந்தான். முன்னால் ஆந்தை. கோல் காத்தவன். பந்தைப் பார்த்து முழிக்கிறான் என்று கோச் வைத்த பேர், பேரன் எடுத்த பிறகும் அதுதான் பேர்.

ஆந்தை நாற்காலியைப் பார்த்தான். உள்ளே போய்க் கோச்சைப் பார்த்தான். வெளியே வந்து கம்பிக்கு மேலாக எட்டிக் கீழ்ப்படிகளைப் பார்த்தான்.

"கட்ட வேணாம்மா. படுத்தபடியே போவாரு."

"திரும்பாதுன்னு சொல்றேன்ல?" என்றார் வண்டிக்காரர்.

"யார் திருப்பப் போறா? கம்பிக்கு மேல தூக்கி அந்தப் பக்கம் கொடுத்துடுவோம். டேய், யாரும் அவரோட நடக்கக் கூடாது. நின்ன இடத்துல நில்லு, வாங்கு, கொடு."

சொல்லி முடிப்பதற்குள் படிகளில் ஆள் நிரம்பிவிட்டது. மலர்வளையக்காரர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

கோச் சொல்லிக்கொடுத்தது இரண்டே விஷயம். அது அவளுக்கே மனப்பாடம். பந்தை வைத்துக்கொண்டு ஓடாதே, கொடு. அப்புறம், குனி. முதுகை வளைக்காதே, முட்டியை மடக்கிக் குனி, இன்னும் குனி. தொடை கடுத்துப் பையன்கள் வாய்க்குள் திட்டுவார்கள். படுக்கையில் விழுந்தும் அவர் அதை விடவில்லை. அவள் புரட்டிப் படுக்க வைக்கும்போதெல்லாம், "முட்டியை மடக்கு, குனி" என்பார்.

"ஆமா, இப்பத்தான் என்னை டீம்ல சேத்தீங்களாக்கும்?"

"லேட்டாத்தான் சேத்துட்டேன்" என்றார் ஒருநாள்.

ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே கோச் வெளியே வந்தார். கீழ்ப்படியில் நின்றவர்கள் தலைக்கு மேல் ஏந்தினார்கள். மேல்படியில் நின்றவர்கள் முட்டியை மடக்கித் தாழ்ந்தார்கள்.

"குனிடா!"

"குனிஞ்சுட்டேன்டா ஆந்தை!"

"உன் தொப்பைதான் குனிஞ்சிருக்கு. நீ குனியல."

யாரோ சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கொழுந்தன் திரும்பிப் பார்த்தான், பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டாள்.

ஸ்ட்ரெச்சர் கம்பியைத் தாண்டி அந்தப் பக்கத்துக் கைகளுக்குப் போனது. அங்கிருந்து அடுத்த கைகளுக்கு. எங்கும் சாயவில்லை. நெஞ்சின் மேல் சேர்த்து வைத்த கைகள் வைத்தபடியே இருந்தன. கதவுகள் திறந்தன. இந்தத் தடவை யாரும் பாதியோடு நிறுத்தவில்லை, முழுக்கத் திறந்து வெளியே வந்து நின்றார்கள்.

கீழே வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"இறக்கியாச்சும்மா! பதறாம வாங்க!" ஆந்தையின் குரல் படிக்கட்டு முழுக்க ஏறி வந்தது.

"வர்றேன்பா."

கொழுந்தனும் வண்டிக்காரரும் இறங்கிப் போனார்கள். திருப்பத்தில் அந்த நாற்காலி மட்டும் நின்றது, கையில் போர்வை தொங்க. அவள் போர்வையை எடுத்து உதறி மடித்தாள். பிறகு முதுகை வளைக்காமல், முட்டியை மடக்கி, அதில் உட்கார்ந்தாள்.