உப்பு இறங்கிய பெட்டி

திண்டுக்கல் பேகம்பூரில் சனாவுல்லா என்று கேட்டால் எந்த சனாவுல்லா என்பார்கள். மோட்டார் சைக்கிள் சனாவுல்லா என்றால்தான் கைகாட்டுவார்கள். ஊர் ஊராகப் போய்க் கறிக்கடைகளில் ஆட்டுத்தோல் வாங்கி வந்து முதலாளியின் தோல் பதனிடும் ஷாப்பில் சேர்ப்பது அவனுடைய வேலை. மற்ற ஏவாரிகள் பஸ்ஸுக்கும் மாட்டு வண்டிக்கும் காத்துக் கிடந்த காலத்தில், பட்டாளத்தார் ஏலம் விட்ட பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை முதலாளியை நச்சரித்து வாங்க வைத்தான். அதில் வேடசந்தூருக்கும் செம்பட்டிக்கும் பறந்துகொண்டிருந்தான்.

அவன் ஓட்டிய அழகைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் அவன் பட்ட பாடு புரியாது. வளைவு வந்தால் ஹேண்டில்பாரைத் திருப்பவே மாட்டான். இடுப்பை லேசாக அந்தப் பக்கம் சரிப்பான். வண்டியும் கூடவே சரியும். வளைவு தானாக முடிந்துபோகும். ராவுத்தர்மார் குதிரை ஏறிய வம்சம் என்பார்கள். சனாவுல்லா குதிரையைக் கிட்டத்தில் பார்த்தது ஜட்கா ஸ்டாண்டில்தான். ஆனாலும் அந்தப் பேச்சை யாராவது எடுத்தால் தன் வண்டியை ஒரு தட்டுத் தட்டிக்கொள்வான்.

ஆட்டுத்தோலுக்காகத் திரிந்தவனை ஒருநாள் முழு ஆடே வந்து கவிழ்த்தது. வேடசந்தூர் ரோட்டில் குறுக்கே பாய்ந்த கிடாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. சனாவுல்லாவின் இடது முழங்கால் நொறுங்கிப் போனது. கட்டுப் போட்டு, எண்ணெய் நீவி, மாதக்கணக்கில் படுத்துக் கிடந்து எழுந்தபோது கால் ஊன்ற முடிந்தது; மடக்க முடியவில்லை. நின்ற வண்டியை இடது காலால் தாங்கிப் பிடிக்க வலு இல்லை. தாங்க முடியாதவன் இரண்டு சக்கர வண்டியில் ஏறவே கூடாது.

அவன் மனைவி நர்கீசுக்கு உள்ளூர இதில் நிம்மதிதான். அவளுடைய அண்ணன் மீரான் அதே பேகம்பூரில் மளிகைக் கடை வைத்திருந்தான்.

"மச்சான் வந்து கல்லாவுல உக்காரட்டும். காலுக்கு வேல இல்ல" என்று மீரான் சொல்லி அனுப்பினான். நல்ல மனதோடுதான் சொன்னான். ஆனால் சனாவுல்லா கடைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. காலையிலிருந்து இரவுவரை புளியும் பருப்பும் நிறுத்துக்கொண்டு, மச்சினன் சொல்லுகிற இடத்தில் உட்கார்ந்திருப்பதா? ரோட்டில் எதிர்க்காற்று வாங்கிப் பழகிய முகத்தைச் சாக்குகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்?

அந்தச் சமயத்தில்தான் மெக்கானிக் கிறிஸ்துராஜ் ஒரு யோசனை சொன்னான். அவனுடைய பட்டறையின் பின்பக்கம், பட்டாளத்துச் சாமான்களோடு வந்த சைடு கார் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. ஒற்றைச் சக்கரம், அதன்மேல் ஓர் ஆள் உட்காரும் பெட்டி. வண்டியின் இடது பக்கம் அதைப் பிணைத்துவிட்டால் மூன்று சக்கரம். நின்றாலும் சாயாது, கால் ஊன்றவே வேண்டாம்.

நர்கீஸ் லேசில் சம்மதிக்கவில்லை. கடைசியில் மீரானையும் வைத்துக்கொண்டு சனாவுல்லா ஒரு பேச்சுக்குக் கட்டுப்பட்டான். "இன்னொரு தடவ விழுந்தேன்னா வண்டிய வித்துட்டு மறுநாளே கடைக்கு வாரேன். அல்லா மேல ஆணை." மீரான் தலையை ஆட்டினான். நர்கீஸ் அந்த வார்த்தையை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

முதல் ஓட்டம் தோல் ஷாப்பு மைதானத்தில். ஷாப்பு ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். சனாவுல்லா பழைய மிடுக்கோடு கிளப்பினான். எதிரே ஆவாரம் பட்டைக் குவியல் வந்தது. வழக்கம்போல இடுப்பை வலது பக்கம் சரித்தான். வண்டி சரியவில்லை. இன்னும் சரித்தான். வண்டி அவனைச் சட்டை செய்யாமல் நேராகப் போய்ப் பட்டைக் குவியலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது. தோல் ஊறப் போட வைத்திருந்த பட்டை அவன் தலைமேல் சொரிந்தது.

கிறிஸ்துராஜ் ஓடி வந்தான். "சாய்க்காதீங்கண்ணே, திருப்புங்க! இது ஒங்க பழைய வண்டி இல்ல. மாட்டு வண்டி மாதிரி நெனச்சுக்கங்க."

அன்று சாயங்காலம் நர்கீஸ் கேட்டாள். "விழுந்தீங்களாமே?"

"விழுகல. முட்டுச்சு. விழுகுறது வேற, முட்டுறது வேற."

நர்கீஸ் அவன் தலையிலிருந்து ஒரு பட்டைச் சில்லை எடுத்துக் காட்டிவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அதன் பிறகு அவன் பட்டது சின்னப் பாடு அல்ல. இரண்டு சக்கரத்தில் உடம்பு சொன்னதை வண்டி கேட்டது. மூன்று சக்கரத்தில் வண்டி போகிற போக்குக்கு உடம்பு அடங்க வேண்டியிருந்தது. வேகம் கூட்டினால் பெட்டி பின்தங்கி இடது பக்கம் இழுக்கும். பிரேக் போட்டால் பெட்டி முந்திக்கொண்டு வலது பக்கம் தள்ளும். நேர் ரோட்டில் போகவே இரண்டு தோளும் வலித்தது. தெருப் பிள்ளைகள் தொட்டில் வண்டி என்று கத்தினார்கள். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் மளிகைக் கடையை நினைத்துக்கொள்வான், தோள்வலி குறைந்துவிடும்.

மெல்ல மெல்லக் கை பழகியது. முன்னைவிட ஏவாரமும் கூடியது என்றே சொல்ல வேண்டும். பச்சைத்தோலுக்கு உரித்தவுடனே உப்புத் தேய்க்காவிட்டால் மறுநாள் நாறி மயிர் உதிர்ந்துவிடும். அதனால் போகும்போது கறிக்கடைகளுக்குப் பெட்டியில் உப்பு மூட்டை கொண்டுபோவான். உப்பு இறங்க இறங்கத் தோல் ஏறும். வரும்போது பெட்டி நிறைய ஈரத்தோல். வண்டி சும்மா கிண்ணென்று ரோட்டைக் கவ்விக்கொண்டு ஓடும். ஆடி மாதத்துக்குள் சனாவுல்லா தான் மூன்று சக்கரத்தையும் வென்றுவிட்டதாகவே முடிவுகட்டியிருந்தான்.

அப்புறம் புரட்டாசி வந்தது.

புரட்டாசியில் கிராமத்துச் சனம் கறி தின்னாது. ஆடு அறுபடாது, தோல் இருக்காது. ஆனால் அடுத்து வருவது தீபாவளி. அன்றைக்குக் கறிக்கடை வாசலில் நிற்க இடம் இருக்காது. அதற்கு முன்பே உப்பைக் கொண்டுபோய் இறக்கி, தோல் எனக்குத்தான் என்று வாய்வார்த்தை வாங்கிவிடுகிறவன்தான் கெட்டிக்கார ஏவாரி. சனாவுல்லா பெட்டி நிறைய உப்போடு செம்பட்டி ரோட்டில் கிளம்பினான். ஊருக்கு ஊர் மூட்டை இறங்கியது. கடைசி மூட்டையைச் செம்பட்டியில் இறக்கி, டீ குடித்துவிட்டுத் திரும்பினான். கை பழகிய பிறகு பெட்டியைத் துடைத்தது போல் வைத்துக்கொண்டு அவன் வண்டி ஓட்டியது அன்றைக்குத்தான் முதல் தடவை. அது அவன் புத்தியில் படவில்லை. பாரமில்லாத வண்டி ஜோராக ஓடுகிறது என்று குஷியாக வேகத்தைக் கூட்டினான்.

வாய்க்கால் பாலம் தாண்டி ரோடு இடது பக்கம் வளைகிறது. ஹேண்டில்பாரைத் திருப்பினான். கைக்குத் திடீரென்று வண்டி லேசாகிப் போனது. கண்ணோரத்தில் பார்த்தால் பெட்டி மேலே எழும்பிக்கொண்டிருந்தது. அதன் சக்கரம் அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

பயம் வருவதற்கு முன்னால் அவனுக்கு வந்தது சந்தோஷம்தான். அது ஒரு கண நேரம், ஆனால் பொய்யில்லை. அடியில் பழைய இரண்டு சக்கரம் திரும்ப வந்துவிட்டது! உடம்புக்கு அது தெரிந்தது. எத்தனையோ மாதமாக அடக்கி வைத்திருந்த இடுப்பு தானாக அசைந்தது.

எதிரே பக்கத்து ஊர் விவசாயி கண்ணுசாமியின் மாட்டு வண்டி கத்திரிக்காய் மூட்டைகளோடு வந்துகொண்டிருந்தது.

வலது பக்கம் நிமிர்த்தினால் பெட்டி இறங்கிவிடும். ஆனால் மாட்டின்மேல் போய் விழ வேண்டும். இன்னும் இடது பக்கம் ஒடித்தால் பெட்டி தலைக்குமேல் வந்து அவனையே கவிழ்க்கும். ஓட்டம் முடிந்தது, இனி மளிகைக் கடைதான் என்று அந்த நேரத்திலும் நினைத்தான். நினைத்துக்கொண்டே, மடங்காத காலையும் இழுத்துக்கொண்டு, உடம்பு முழுவதையும் இடது பக்கம் பெட்டியின்மேல் எறிந்தான். ஒரு கை மட்டும் ஹேண்டில்பாரில் இருந்தது. பெட்டி தடாலென்று ரோட்டில் இறங்கியது. எஞ்சின் இருமி நின்றது. மாடுகளின் மூச்சு முன்சக்கரத்தில் பட்டது.

கண்ணுசாமி வண்டியிலிருந்து இறங்கி வந்து பார்த்தார். சனாவுல்லாவின் பாதி உடம்பு சீட்டிலும் பாதி பெட்டிக்குள்ளும் கிடந்தது.

"என்ன ராவுத்தரே, வண்டி ஓட்டுறீகளா, பெட்டிக்குள்ள படுக்கப் போறீகளா?"

சனாவுல்லாவின் கண்ணுக்கு நேரே பெட்டியின் தரை. அங்கே நாலைந்து உப்புக்கல் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் இந்த வண்டியைத் தரையில் பிடித்து வைத்திருந்தது உப்பும் தோலும். அவன் கை கொஞ்சம் ஒத்தாசை செய்தது, அவ்வளவே.

"அண்ணே, கனமா ஒரு கல்லு கெடைக்குமா?"

"எம்புட்டுக் கனம்?"

"ஒரு ஆள் கனம்."

வாய்க்கால் ஓரம் யாரோ போட்டுவிட்டுப் போன உடைந்த ஆட்டுக்கல் கிடந்தது. இருவருமாகப் புரட்டிப் பெட்டியில் ஏற்றினார்கள். எதற்கு என்று கண்ணுசாமி கேட்கவில்லை. பாய்மார் வீட்டில் ஏதோ விசேஷம் என்று எண்ணியிருக்கலாம். சனாவுல்லா ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தான்.

நர்கீஸ் வாசலுக்கு வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இது என்னத்துக்கு?"

வழியெல்லாம் ஒரு பொய் யோசித்து வைத்திருந்தான். "மாவாட்ட" என்றான்.

"ஒடஞ்ச கல்லுலயா?"

அதற்குமேல் பொய் ஓடவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். பெட்டி எழும்பியதை, மாட்டு வண்டியை, தான் பாய்ந்ததை. அந்தக் கண நேரச் சந்தோஷத்தை மட்டும் விட்டுவிட்டான். "ஆனா விழுகல நர்கீசு. சத்தியமா விழுகல. கல்லு இருக்கு, இனிமே பயமில்ல."

"நாளைக்கு வேடசந்தூருப் பக்கம் உப்பு எறக்கணும்னீங்களே. கல்லு பெட்டியில இருந்தா உப்ப எங்க வைப்பீங்க?"

"கல்ல எறக்கி வச்சுட்டு..."

"அப்ப வரும்போது?"

இம்புட்டு நேரம் வண்டியோட்டிய சனாவுல்லாவுக்குத் தோன்றாதது அவளுக்கு நின்ற இடத்தில் தோன்றிவிட்டதே என்று எரிச்சல் வந்தது. கூடவே பயமும் வந்தது. நர்கீஸ் பெட்டிக்குள் கைவிட்டுக் கல்லை அசைத்துப் பார்த்தாள். மீரான் கடையின் மிளகாய் நெடி இப்போதே அவன் மூக்கில் ஏறுவது போலிருந்தது.

"விழுந்தா கடைக்குப் போறதுன்னுதான் பேச்சு" என்றாள் கடைசியில். "விழுகல. அதனால கடை இல்ல. சாப்பிட வாங்க."

மறுநாள் காலை அவன் உப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, பெட்டியில் கல் இல்லை. ஆள் வைத்து இறக்கியது போல் சுவரோரம் கிடந்தது. பக்கத்தில் நர்கீஸ் வெள்ளைத் துப்பட்டி போட்டுக்கொண்டு நின்றாள்.

"வேடசந்தூருல எங்க சின்னம்மாவப் பாத்து ரொம்ப நாளாச்சு. உப்ப ஒங்க பின்னால காரியர்ல கட்டுங்க. பெட்டி எனக்கு."

"நீ எதுக்கு? ஊரு சிரிக்கும்."

"நீங்க கடையில உக்காந்தா நீங்க அழுவீங்க. ஊரு சிரிச்சா சிரிக்கட்டும். கல்லு 'பாத்துப் போங்க'ன்னு சொல்லாது, நான் சொல்லுவேன்."

தெருமுனைப் பள்ளிவாசல் அருகில் முதல் இடது வளைவு. நர்கீஸ் பயந்துபோய் வலது பக்கம் சாய்ந்து அவன் சட்டையைப் பிடித்துத் தொங்கினாள். பெட்டிச் சக்கரம் ஒரு குதி குதித்தது.

"என்னையப் பிடிக்காத! அந்தப் பக்கம் சாய், அந்தப் பக்கம்!" என்று கத்தினான்.

அடுத்த வளைவு மீரான் கடை முக்கில். கடை அப்போதுதான் திறந்திருந்தது. கல்லாவுக்கு அருகில் மீரான் புதிதாக ஒரு முக்காலி போட்டு வைத்திருந்தான். தராசைப் பிடித்தபடி அவன் எட்டிப் பார்க்க, வண்டி இடது பக்கம் திரும்பியது. பெட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நர்கீஸ் இடது பக்கம் சாய்ந்தாள். அவள் துப்பட்டி கடையின் வெங்காயக் கூடையை உரசிக்கொண்டு போயிற்று.

"எங்க போறீங்க ரெண்டு பேரும்?" என்று மீரான் கத்தினான்.

"உப்பு எறக்க!" என்றாள் நர்கீஸ், சாய்ந்தபடியே.

சனாவுல்லா கீழே குனிந்து பார்த்தான். பெட்டிச் சக்கரம் தரையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவன் நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, ஹேண்டில்பாரை மட்டும் திருப்பினான்.