ஆடு கட்டும் கொட்டகை

கல்குவாரிக்கு உத்தரவு வாங்க வேண்டுமா, தென்காசியில் இசக்கியப்பனைப் பிடி என்பார்கள். ஒடிசாவில் இரும்புச் சுரங்கம், ராஜஸ்தானில் பளிங்கு என்று இருபது வருஷம் பாறையோடு மல்லுக்கட்டிவிட்டு ஊர் திரும்பிய ஜியாலஜிஸ்ட். ஒரு காலத்தில் கல்லை நாக்கில் வைத்துப் பார்த்தே விவரம் சொல்வார். இப்போது கன்சல்டன்ட். குவாரி முதலாளி கேட்பதைச் சுரங்கத் திட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் வேலை. கேட்டால், நான் எழுதாவிட்டால் எழுத ஆளா இல்லை என்பார்.

வீரகேரளம்புதூர் பக்கத்துப் பொத்தைக்கும், அந்தச் சின்னப் பாறைக்குன்றுக்கும், அவர்தான் எழுதினார். முந்நூறு மீட்டருக்குள் குடியிருக்கும் வீடு இருந்தால் பாறையை உடைக்க விடமாட்டார்கள். இருநூற்றுப் பத்து மீட்டரில் ஒரே ஒரு வீடு இருந்தது. அது அவருடைய கூடப்பிறந்த தங்கை சங்கரேஸ்வரியின் வீடு. அளக்கப் போன அன்று மத்தியானம் அங்கேதான் உட்கார்ந்து நெத்திலிக் குழம்பு ஊற்றி மூக்கு முட்டச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, வீட்டை ஒதுக்கிப் பக்கத்து ஆட்டுக் கொட்டகையை மட்டும் படம் பிடித்தார். 'ஆடு கட்டும் கொட்டகை, குடியிருப்பு இல்லை' என்று எழுதினார். வெடி வைக்க ஆரம்பித்ததும் தங்கையைத் தென்காசிக்குக் கூட்டி வந்துவிடலாம் என்று நினைப்பு. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பாவி மனுஷன்!

கருத்துக்கேட்புக் கூட்டம் ஆனி மாதத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வெளியே சாரல். குற்றாலத்தில் சீசன் என்பதால் சங்கரேஸ்வரியின் புருஷன் பழக்கடையை விட்டு வர முடியவில்லை. அவள் தனியாகத்தான் வந்து மைக்கைப் பிடித்தாள். மேடையில், அதிகாரிக்குப் பக்கத்து நாற்காலியில் அண்ணன்.

“சார், என் வீட்டைக் கொட்டகைன்னு எழுதியிருக்காம்லா. பன்னெண்டு வருஷமா அங்கனதான் இருக்கேன். எங்க அண்ணன் ஏதோ கைத்தப்பா எழுதிட்டான் போல. அவன்கிட்டயே கேளுங்க, அவனே சொல்லுவான்.”

அதிகாரி திரும்பினார். “சொல்லுங்க சார். வீடா, கொட்டகையா?”

வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. வீடு என்றால், சுரங்கத் திட்டம் எழுத அவருக்கு இருக்கும் அரசுப் பதிவு ரத்தாகும். அதோடு விடுவார்களா? அவர் எழுதிக் கொடுத்த மற்ற குவாரிகளையும் கிண்டிவிடுவார்கள். இசக்கியப்பன் தங்கை முகத்தைப் பார்க்காமல், “கொட்டகைதான் சார்,” என்றார்.

மண்டபம் கொதித்தது. பின்வரிசையில் ஒருத்தன் எழுந்து, “கூடப்பிறந்தவன் செய்யுத வேலையாலே இது? உங்க அம்மை இவனை எவனுக்குப் பெத்தாளோ!” என்று கத்தினான். நாலு பேர் கெக்கலி கொட்டினார்கள்.

“வாயை மூடுலே! எங்க அம்மையைப் பேசுனா பல்லைத் தட்டிருவேன்!” சங்கரேஸ்வரி போட்ட சத்தத்தில் மைக் அலறியது. பிறகு அதிகாரியைப் பார்த்தாள். “எங்க அண்ணன் பொய் சொல்லமாட்டான் சார். கொட்டகைன்னே இருக்கட்டும்.”

“அப்போ ஆட்சேபணையை வாபஸ் வாங்குதீங்களாம்மா?”

“ஆமா சார்.” கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

இசக்கியப்பன் வாசலுக்கு ஓடிவந்து அவள் கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. “ஏட்டி, என் மானத்தைக் காப்பாத்திட்டியே. தென்காசியில நல்ல வீடா நானே பாத்துத் தாரேன்.”

அவள் கையை உதறினாள். “உன் மானம் எந்தக் குப்பையில கெடந்தா எனக்கென்ன? செத்துப்போன அம்மையைச் சந்தியில இழுத்தானுவ, அதுக்காகச் சொன்னேன். வீடு போனாப் போவுது. நாளைக்கு நான் செத்தாலும் பொறந்த வீட்டுக் கோடித்துணின்னு நீ கொண்டு வரப்பிடாது, சொல்லிட்டேன்.”

சாரலில் நனைந்தபடி பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். இசக்கியப்பனுக்கு வேறு கூடப்பிறந்தவர்கள் கிடையாது.