கோல்பி எறிந்த பந்து இன்னும் இறங்கவில்லை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் கண்ணுகளா. இந்தக் கதை எனக்கு டெக்சாஸில் காப்பெல் என்ற ஊரில் ஒரு பிறந்தநாள் விருந்தில், சாம்பார்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் கிடைத்தது. சொன்னவள் பவளம். கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டே சொன்னதில் பின்னால் வரிசை நின்றுபோய், யாரோ இரும, முடிவு வராமலே நகர்ந்துவிட்டோம். முடிவு தெரியாத கதையை ஆரம்பிக்கலாமா என்று நான்கு நாள் யோசித்தேன். ஐந்தாம் நாள் இப்படி எழுதினேன்:

"டெக்சாஸின் பரந்த வானத்தின் கீழே, வீரம் விளையும் நார்த் ப்ரேரி பல்கலைக்கழக மைதானத்தில்..."

அடித்துவிட்டேன். அந்த மைதானத்துக்குப் போய் யார் பார்த்தார்கள்? எல்லாரும் பவளத்தின் கணவருடைய நண்பர் சந்தானம் வீட்டு சோபாவில் இருக்கிறார்கள். கதையும் அங்கேதான் உட்கார வேண்டும்.

2

பவளத்தின் கணவர் கோபாலசாமி. வயது ஐம்பத்தாறு, ஊர் உடுமலைப்பேட்டைப் பக்கம். முப்பது வருஷத்துக்கு முன்னால் நார்த் ப்ரேரியில் எம்.எஸ். படித்தார். அந்த உரிமையில் அந்தக் கல்லூரியின், கையால் எறிந்து ஆடுகிற அமெரிக்க ஃபுட்பால் அணியை இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறார். இந்த வருஷம் அவர் திட்டுவதற்கென்றே வாய்த்தவன் கோல்பி வாரன். அணியின் புதுக் குவார்ட்டர்பேக்.

(குவார்ட்டர்பேக் என்றால்: மலை மலையாக ஆட்கள் தன்மேல் வந்து விழுவதற்குள், பந்தை யாருக்கு எறிவது என்று மூன்று விநாடியில் முடிவெடுக்க வேண்டியவன். சரியாக எறிந்தால் அணி ஜெயித்தது என்பார்கள். தப்பாக எறிந்தால் அவன் தோற்றான் என்பார்கள். இதற்குமேல் எனக்கும் தெரியாது, உங்களுக்கும் வேண்டாம்.)

கோல்பி தேறுவானா, மாட்டானா? செப்டம்பரிலிருந்து சந்தானம் வீட்டில் இதே பேச்சு.

3

"ஃபுட்வொர்க்கே சரியில்லீங்க சந்தானம். நிக்கிறதப் பாருங்க, ரேஷன் கடை க்யூவுல நிக்கிற மாதிரி."

"கோபால், நீங்க கடைசியா எப்ப ஓடுனீங்க?"

"அது வேற டிபார்ட்மெண்ட்டுங்க. நான் அனலைஸ் பண்றவன்."

அனலைஸ் பண்ணித்தான் வந்திருந்தார். பதினோரு ஸ்லைடு. மூன்றாவதின் தலைப்பு, 'ரூட் காஸ்'. வாரம் முழுக்க யாரும் திறக்காத ஸ்லைடுகளை ஆபீசுக்குச் செய்து தருகிற மனிதருக்குச் சனிக்கிழமையாவது எட்டுப் பேர் பார்க்கிற ஸ்லைடு வேண்டாமா?

"ப்ரெஷர் வந்தா பையன் ஒடஞ்சிருவான். எழுதி வெச்சுக்கோங்க. தேற மாட்டான்."

சமையலறையில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த பவளத்துக்கு அந்தக் கடைசி வார்த்தை சுட்டது. அதே வார்த்தையை அவர் மகன் கவினுக்கும் சொல்லியிருந்தார். கவினும் நார்த் ப்ரேரியில்தான் படித்தான்; மூன்றாம் வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸை விட்டுவிட்டு விளையாட்டு ஆசிரியர் படிப்புக்கு மாறினான். இப்போது நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில், சின்னப் பிள்ளைகளுக்கு பி.டி. வாத்தியார். கேட்கிறவர்களிடம் கோபாலசாமி, "எஜுகேஷன் செக்டார்ல இருக்கான்" என்பார்.

கவின் வீட்டுக்கு வருவதில்லை. சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் போன் மட்டும் வரும். அதுவும் கோல்பியைப் பற்றி.

"கிவ் ஹிம் டைம், அப்பா."

"எத்தனை டைம்டா? காலேஜுல மூணாவது வருசம்டா அவனுக்கு!"

"ஹி ஈஸ் லேர்னிங்."

"எங்களுக்கெல்லாம் யாரு டைம் குடுத்தா?"

இப்படியே ஒரு மணி நேரம் ஓடும்.*

* இருவரும் உண்மையில் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று இங்கே ஒரு பத்தி விளக்கியிருந்தேன். உங்களுக்குத் தெரியாததா என்று எடுத்துவிட்டேன்.

4

கோல்பி ஒரு பெரிய ஆட்டம் ஜெயித்துவிட்டால் இவர் வாய் அடைபடும், அப்பனும் மகனும் சமாதானமாகிவிடுவார்கள் என்று பவளம் நினைத்தாள். பழனி முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். நம் வீடுகளில் வேண்டுதல் வைப்பது ஒருவர், தலையைக் கொடுப்பது இன்னொருவர்.

"ஏனுங்க, உங்களுக்கு மொட்டை போடறதா வேண்டிக்கிட்டனுங்க."

"எனக்கா? எதுக்கு?"

"கடைசி மேட்ச்சுல கோல்பி ஜெயிக்கோணுமுங்க."

"அட கூறு கெட்டவளே! முருகனுக்கு ஃபுட்பால் ரூல்ஸ் தெரியுமா?"

"உங்களுக்குத் தெரியுங்களா?"

அந்தக் கூட்டத்தில் வகிடெடுத்துச் சீவுகிற அளவுக்கு முடி மிச்சமிருந்த ஒரே தலை கோபாலசாமியுடையது. அதைக் காப்பாற்றவே அவர் கோல்பி தோற்க வேண்டும் என்று... இரண்டு முறை அப்படித்தான் எழுதிப் பார்த்தேன். சிரிப்பு வந்தது, ஆள் வரவில்லை. இந்த மனிதர் ஏன் இவ்வளவு ஸ்லைடு போடுகிறார்?

5

பவளம் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருந்தாள். அக்டோபரில் ஒரு வாரம் மட்டும் மகனுடைய போன் சீக்கிரம் முடிந்துவிட்டதாம். மிச்சத்தை நான் இட்டு நிரப்புகிறேன், ஒப்புக்கொள்ளுங்கள்.

அன்று சந்தானம் ஊரில் இல்லை. கோபாலசாமி வீட்டில் தனியே சட்டை தேய்த்துக்கொண்டே ஆட்டம் பார்த்தார். கோல்பியை மூன்று பேர் சேர்ந்து தரையோடு நசுக்கினார்கள். எழுந்தான். புல்லைத் தட்டிவிட்டான். அடுத்த பந்தை மைதானத்தின் அந்தக் கோடிக்கு எறிந்தான். "சிங்கக்குட்டிடா!" என்று இஸ்திரிப் பெட்டியிடம் சொன்னார். அந்த வேகத்திலேயே மகனிடமும் சொன்னார்.

"நீ சொன்னது கரெக்ட்டு கண்ணு. நல்லாத்தான் ஆடறான்."

"யா. குட் கேம்."

"ம்."

"ஓகே ப்பா. பை."

நாற்பது விநாடி.

அடுத்த சனிக்கிழமை கோபாலசாமி புதிதாக ஆறு ஸ்லைடு சேர்த்தார்.

6

கடைசி ஆட்டம். நான்கு விநாடி மிச்சம், நான்கு புள்ளி பின்னால். எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் நம் ஆள் ஒருவன் பந்தைப் பிடித்தால் வெற்றி. அந்த நேரம் பார்த்துக் கவினுடைய போன். ஆட்டம் முடிவதற்குள் அவன் கூப்பிட்டதே இல்லை. கோபாலசாமி ஸ்பீக்கரில் போட்டார். பவளம் மாவுக் கையோடு கும்பிட்டபடி வந்து நின்றாள். கோல்பி எறிந்துவிட்டான். பந்து மேலே போகிறது.

முடிவு அ: பிடித்துவிடுகிறான். பழனி, மொட்டை, சந்தனம். கவின் "நைஸ் ஹெட், அப்பா" என்று அனுப்புகிறான். அதற்குப் பிறகு வருகிற போனெல்லாம் நாற்பது விநாடி.

முடிவு ஆ: பந்து தரையில். முடி பிழைத்தது. "தேற மாட்டான்" என்பது நிரூபணமாகி, நேரே நியூ ஜெர்சியில் போய் விழுகிறது.

முடிவு இ: சந்தானம் வீட்டு டிவி உறைந்து... வேண்டாம். சோம்பேறித்தனம்.

பந்து மேலேயே இருக்கிறது.

"ரொம்ப ஒசரம் போட்டுட்டான்டா."

"வெயிட், அப்பா."

"காத்து வேற அடிக்குது. கையை எப்படி வெச்சு எறிஞ்சான் பாத்தியா?"

"தட்ஸ் ரைட், ப்பா. விரலை அப்படித்தான் வெக்கணும். ஐ டீச் மை கிட்ஸ் தட்."

கோபாலசாமி திரையிலிருந்து கண்ணை எடுத்துப் போனைப் பார்த்தார்.

"எப்படி? சொல்லு கண்ணு. கேக்கறேன்."

சொல்ல ஆரம்பித்திருக்கிறான். முதலில் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைப்பானாம். இடது கைப் பழக்கமுள்ள பெண்பிள்ளை ஒருத்தி இருக்கிறாளாம், அவளுக்கென்று வேறு மாதிரி...

அந்தப் பந்தை என்னால் இறக்க முடியாது கண்ணுகளா. நீங்கள் இறக்கிக்கொள்ளுங்கள், பிடித்த பக்கம் இறக்கிக்கொள்ளுங்கள். அவன் சொல்லி முடிக்கிறவரை மட்டும் பொறுங்கள்.