இழுப்பறைக் கைப்பிடியில் ஒரு முடிச்சு

...தப்பு என்று யார் சொன்னது, தன்னைப் போட்டது எந்தக் கை என்று முடிச்சுக்குத் தெரியுமா, நூலுக்குத் தெரியுமா, உள்ளே கிடக்கிற குடலுக்குத்தான் தெரியுமா... மேசை இழுப்பறையின் கைப்பிடியில் தான் கட்டிய கறுப்பு நூலை முறைத்துப் பார்த்தாள் அவள். முப்பத்தோரு வருஷம் இந்த இடது கையால் வயிறுகளைத் திறந்து மூடிய அறுவை மருத்துவர், இப்போது படுக்கையறை மூலையில், மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே வெளுத்துப்போன பைஜாமாவுமாக, மடிக்கணினி முன்னால் பரீட்சை எழுதப் போன பிள்ளை மாதிரி. தொற்று பரவத் தொடங்கியதும் அவசரமில்லாத அறுவைகளை எல்லாம் நிறுத்திவிட்டார்கள், மூன்று மாதம் கத்தி தொடாதவர்கள் இணையவழிப் பயிற்சியை முடித்தால்தான் மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குள் கால் வைக்கலாம் என்று சுற்றறிக்கை, சரி, நியாயம்தான், கையும் துருப்பிடிக்கும், பன்னிரண்டு வகுப்புக்கும் ஒன்று விடாமல் உட்கார்ந்தாள், ஒரு கேள்வியும் தப்பவில்லை, கடைசியில் வந்து நிற்கிறது இந்த முடிச்சு.

திரையில் நாற்பது சதுரங்கள், சதுரத்துக்கு ஒரு மருத்துவர், ஆளாளுக்கு நாற்காலிக் கையிலும் சன்னல் கம்பியிலும் நூல் கட்டிக்கொண்டு. மேல் வரிசையில் தேர்வாளர், ஒரு காலத்தில் இரண்டு வருஷம் அறுவை மேசையில் அவளுக்கு எதிரே நின்று உதவி செய்தவர், அன்றைக்குத் தம்பி, இன்றைக்கு நரை விழுந்த டாக்டர். "மேடம், மதிப்பெண் தாள்ல வலது கைன்னுதான் போட்டிருக்கு, நான் என்ன பண்றது... பத்து நிமிஷம் தர்றேன், வலது கைல போட்டுக் காட்டிடுங்க, இல்ல போன்ல எடுத்து அனுப்புங்க. விட்டா அடுத்த தேர்வு மூணு வாரம் கழிச்சுதான்."

மூன்று வாரம். பெருங்குடலில் கட்டியோடு திங்கட்கிழமையை எண்ணிக்கொண்டிருக்கிறாரே அந்தப் பேருந்து ஓட்டுநர், கட்டி சுற்றறிக்கை படிக்குமா, தன்னோடு வேலை பார்க்கும் மற்ற இரண்டு அறுவை மருத்துவர்களும் தொற்று வந்து படுத்திருக்க, அவரை யார் தொடுவார்கள்... "நீங்களே பண்ணுவீங்கல்ல டாக்டரம்மா?" என்று கேட்டபோது நானேதான் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. வலது கையால் போட்டுப் பார்த்தாள், அடுத்தவர் கையுறைக்குள் விரலை விட்ட மாதிரி இருந்தது, பார்வைக்கு என்னவோ முடிச்சுதான், சுண்டி இழுத்ததும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. இதற்கு முழு மதிப்பெண்ணாம். இரண்டாம் வகுப்பில் டீச்சர் ஸ்கேலால் அடித்தது இந்தக் கை மேலேதான், இடது கைக்காரிக்கு அறுவைப் பிரிவு எதற்கு என்று பேராசிரியர் கேட்டாரே, அப்போதே மாறாதவள், இப்போதா...

கேமராவில் படாமல் சுவரோரமாகத் தேநீரோடு வந்த வீட்டுக்காரர் ஒலியை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார். "ஏம்மா, இடது கையிலயே போடு, நான் போன்ல எடுக்கறேன். கண்ணாடில தெரியற மாதிரி திருப்பி விட்டா வலது கையாயிடும். ஒரு தட்டு தட்டினா போதும், யாருக்கும் தெரியாது."

"மேல இருக்கறவருக்கு?"

"அவர் என்ன மதிப்பெண் தாளோட உக்காந்திருக்காரா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இவரும் கெட்டதையா நினைத்தார், அந்த ஓட்டுநருக்காகத்தானே சொல்கிறார், ஒரு உயிருக்காகச் சின்னதாக ஒரு பொய், ஆண்டவன் கோபித்துக்கொள்ளவா போகிறான்... ஆனால் ஒவ்வொரு அறுவைக்கு முன்னாலும் குழாயடியில் கை கழுவும்போது அவனிடம் கேட்பது என்ன, இந்தக் கையைத் தப்புப் பண்ண விடாதே என்றுதானே, இந்தக் கை என்றால் இந்தக் கைதான், அதை ஒளித்துவைத்துவிட்டுத் திங்கட்கிழமை எந்தக் கையை நீட்டிக் கேட்பது... "என்னங்க, அந்த ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில எடுத்துட்டு வாங்க."

ஒலியைத் திறந்தாள். "டாக்டர், கையப் பாக்காதீங்க, முடிச்சப் பாருங்க." இடது கையாலேயே, எல்லாரும் பார்க்க, நிதானமாக இன்னொரு முடிச்சுப் போட்டாள், பாட்டிலின் கழுத்தை அதில் கட்டித் தொங்கவிட்டாள். பாட்டில் ஆடியது, இழுப்பறை முனகியது, முடிச்சு மயிரிழைகூட அசையவில்லை. "இது பிடிக்குதா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க. பிடிக்கலைன்னா நானே ஒதுங்கிக்கறேன். பிடிச்சா, தாள்ல இருக்கறதுதான் தப்பு." ஏதோ ஒரு சதுரத்திலிருந்து ஒரு பெண் குரல், "இன்னொரு பாட்டில் மாட்டுங்க மேடம், அப்பவும் நிக்கும்." நாலைந்து பேர் சிரித்தார்கள்.

தேர்வாளர் சிரிக்கவில்லை. திரையருகே குனிந்து அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். "நிக்குது மேடம்... அந்த வரிய நான் அடிச்சுடறேன், மேலிடத்துல கேட்டா பதில் சொல்லிக்கறேன். திங்கக்கிழமை நீங்க தியேட்டருக்குப் போங்க." சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார், இடது கையால் எடுத்தார், எடுத்த வேகத்தில் வலது கைக்கு மாற்றிக்கொண்டார், யாரோ பார்த்துவிட்டார்கள் என்பதுபோல.

பாட்டில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. ஜெயித்தாயிற்று என்று நினைத்தாள், ஓட்டுநருக்கு உடனே போன் பண்ண வேண்டும் என்று நினைத்தாள், ஆனால் அந்தப் பேனா... அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், நூலை இடது கையில் பிடித்துக்கொண்டு எதிரே நின்ற ஒல்லிப் பையன், அவன் மணிக்கட்டை மெல்லப் பிடித்து, கோபமாகக்கூட இல்லை, எவ்வளவு பிரியமாகச் சொன்னாள், "வேணாம் தம்பி, நான் பட்டது போதும், நீயாவது வலது கைக்கு மாறிடு"... அதைத் தன் வாழ்நாளின் நல்ல காரியங்களில் ஒன்றாக அல்லவா இத்தனை காலம் வைத்திருந்தாள்.