இறங்கி ஏறும் கார்

ரெனிஷாவின் புருஷன் பிரபினுக்குக் கார் தரையோடு தரையாக இருக்க வேண்டும். எதற்கு என்று கேட்டால் பதில் கிடையாது; தாழ்ந்தால்தான் அழகு, அவ்வளவுதான். அதற்கென்றே விற்கும் குட்டை ஸ்பிரிங் வாங்கக் கையில் காசில்லை. ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் கூட்டாளி சஜின், "இருக்குறதையே வெட்டிரலாம் மக்கா" என்றான். கிரைண்டரை வைத்து நாலு ஸ்பிரிங்கிலும் ஒன்றரைச் சுருள் வெட்டினார்கள். ஒரு மத்தியானத்து வேலை, செலவு இரண்டு பிரியாணி.

கார் அவன் சம்பாத்தியமா என்றால் அதுவும் இல்லை. கொட்டாரத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ரெனிஷாவின் அப்பா ஜேசுதாஸ் கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்தது. "நெனச்சா ஒரு மணிக்கூருல அம்மைக்க கிட்ட வந்திரலாம் மக்களே" என்று சொல்லித்தான் கொடுத்தார். கடியப்பட்டணத்துக்கு வாழ வந்தவளுக்கு அந்த வார்த்தைதான் தைரியம்.

வெட்டிய காரில் பிரபின் தனியாகப் போனால் ஒரு குறையும் இல்லை. இன்னொரு ஆள் ஏறினால் வேகத்தடைகளில் அடிப்பாகம் இடிக்கும். ஆகவே ஒவ்வொரு தடைக்கும் முன்னால் ரெனிஷா இறங்கி, நடந்து கடந்து, மறுபடி ஏற வேண்டும். ஒரே ஒரு தடவை அப்படிக் கொட்டாரம் போய்வந்தாள். வழியெல்லாம் டீக்கடை ஆண்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவளுக்கு உயிரே போயிற்று.

"இனி நான் பஸ்ஸுல போறேன்."

"வீட்டுல காரை வச்சிட்டு பஸ்ஸுல போனா ஊரு என்னட்டி சொல்லும்? எனக்கு மானம் இல்லியா?"

காரில் போக முடியாது, பஸ்ஸில் போகக் கூடாது. இப்படியே நாலு மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தாள். அம்மா போனில் கேட்கும்போதெல்லாம் தலைவலி, மாமியாருக்குச் சுகமில்லை என்று எதையாவது சொல்லிச் சமாளித்தாள். அப்பாவுக்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாது. உப்பு வாங்க வருகிறவர்களிடம்கூட மகளுக்குக் கொடுத்த காரைப் பற்றிப் பேசுகிற மனுஷன், தெரிந்தால் உடைந்துபோவார்.

ஞாயிற்றுக்கிழமை ஜேசுதாஸே ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். "அம்மை ஒன்ன நெனச்சு அழுதா. பொறப்படு, எல்லாரும் காருல போவோம்" என்றார். மாமனார் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல பிரபினுக்கு வாய் வரவில்லை. ஜேசுதாஸ் பின்சீட்டில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சீட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

பள்ளிக்கூட முக்கில், முதல் வேகத்தடைக்கு முன்னால் கார் நின்றது. பிரபின் திரும்பாமலே சொன்னான்: "ரெண்டு பேரும் எறங்கி நடந்திருங்க மாமா. ஆளிருந்தா அடியில தட்டும்."

ஜேசுதாஸ் ஏதோ ரிப்பேர் என்று நினைத்து இறங்கினார். காலிக் கார் மேட்டில் ஏறி மெதுவாக இறங்கிப் போவதைப் பார்த்தார். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே நடக்க ஆரம்பித்துவிட்ட மகளையும் பார்த்தார்.

"நம்ம வீடு வர இது மாதிரி எத்தன கெடக்கு மக்களே?"

எனக்கென்ன தெரியும் என்றுதான் சொல்ல நினைத்தாள். நாக்கு பேச்சைக் கேட்கவில்லை.

"இருபத்திமூணு."

ஜேசுதாஸ் நடு ரோட்டில் நின்றுவிட்டார். அவர் முகம் கோணியது. ரெனிஷா அவரையே பார்த்தாள். தெரிந்துவிட்டது, இனி அப்பா சும்மா இருக்கமாட்டார், சாவியைப் பிடுங்குவார், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

அந்தப் பக்கம் பிரபின் ஹாரன் அடித்தான். டீக்கடையில் இரண்டு பேர் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். ஜேசுதாஸ் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"கேறு மக்களே, ஆளுவ பாக்குது" என்று மெல்லச் சொல்லிவிட்டு, அவளுக்கு முன்னால் போய் ஏறிக்கொண்டார்.