வருஷத்துக்கு ஒரு தரம்

என் வீட்டுக்காரர் நீலமேகம் ஜவ்வுமிட்டாய் விற்பவர். விடிவதற்குள் சர்க்கரைப் பாகைக் காய்ச்சி, ஆணியில் மாட்டி இழுத்து இழுத்து, மூங்கில் கழியில் சுற்றிக்கொண்டு புதுப்பட்டினத்திலிருந்து கிளம்பிவிடுவார். கழியின் உச்சியில் இருக்கும் பொம்மை கை தட்டினால் சதுரங்கப்பட்டினம் குப்பத்துப் பிள்ளைகள் ஓடிவரும். வாட்சு, மோதிரம், தேள், மயில் என்று கேட்டதைச் செய்து கொடுப்பார். எங்கள் ஒரே மகள் கண்ணகிக்கு மட்டும் வருஷத்துக்கு ஒரு தரம்தான், தீபாவளி அன்று.

அந்தச் சட்டம் அவர் போட்டது. மிட்டாய்க்காரர் பிள்ளையாகப் பிறந்து, தின்று தின்று முப்பது வயதுக்குள் கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிக்கொண்டவர். "தெனம் குடுத்தா பல்லும் போவும், சொல்பேச்சு கேக்கற புத்தியும் போவும்" என்பார்.

"அப்ப ஊர்ப் புள்ளைங்களுக்கு இன்னாத்துக்கு விக்கற?" என்று கேட்டேன்.

"அதுங்களுக்கு அப்பன் ஆத்தா கீறாங்க. அவங்க பாத்துக்கட்டும்."

நியாயம் பேசுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அதோடு விட்டாரா? விற்காமல் மீந்த மிட்டாயைத் திறந்த தட்டில் வைத்து, பக்கத்தில் கண்ணகியை உட்கார வைத்துவிட்டு, வெளியே போய் ஜன்னல் வழியாகப் பார்ப்பார். ஆறு வயதுப் பிள்ளை, ஒரு விரல் வைத்ததில்லை. அவருக்குப் பெருமை தாங்காது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எழுபத்து நாலாம் வருஷம் ஆடி மாசம் குப்பத்தில் நாலைந்து பிள்ளைகளுக்கு வாந்தி பேதி கண்டது. தண்ணீரால் வந்ததோ, ஈயால் வந்ததோ. அந்த நேரம் பார்த்து, குப்பத்துப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளிக்கூடத்தில் யாரோ கேட்டதற்கு, "எங்க வூட்ல நாங்க மிட்டாய் துன்ன மாட்டோம்" என்று கண்ணகி சொல்லி வைத்தாள். பெருமையாகத்தான் சொல்லியிருப்பாள். சொந்தப் பிள்ளைக்கே கொடுக்காத மிட்டாயில் இவன் என்ன கலக்கிறானோ என்று குப்பம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. ஒரு வாரம் கழி போனபடியே திரும்பி வந்தது. வீட்டில் அரிசி தீர்ந்து, கேழ்வரகும் பானையின் அடிக்குப் போய்விட்டது.

மீன் கூடை தூக்கும் ஆதியம்மாள்தான் அவரை வழிமறித்துச் சொன்னாள். அவள் மகனும் பேதியில் பிழைத்து எழுந்தவன். "உம் பொண்ண இட்டுகினு வா. எங்க கண்ணெதிர்ல துன்னட்டும். அப்பால வாங்கறோம்."

மறுநாள் காலை நான்தான் கண்ணகிக்குத் தலை வாரி அழைத்துப் போனேன். எதற்கு என்று அவளுக்குச் சொல்லவில்லை. மிட்டாய் தின்ன ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா என்று நினைத்துவிட்டேன்.

வலை உலர்த்தும் மணலில் இருபது முப்பது பேர் கூடியிருந்தார்கள். இவர் கழியிலிருந்து இழுத்து, நல்ல பெரிய வாட்சாகச் செய்து கண்ணகியின் மணிக்கட்டில் ஒட்டினார்.

"துன்னும்மா."

கண்ணகி வாட்சைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கையை உடம்பிலிருந்து எட்டத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"தீவாளி இன்னும் வரலியேப்பா."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஆதியம்மாள் மகனைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நான் சொல்றேன்ல, துன்னு" என்றார். கண்ணகி அவரைப் பார்த்துச் சிரித்தாள். வீட்டில் தட்டை வைத்துவிட்டு ஜன்னலில் நிற்கும் அதே விளையாட்டு என்று அவள் நினைத்துக்கொண்டது எனக்குப் புரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் அவள் கன்னத்தில் அறைந்துவிட்டார். அதுவரை அவர் அவளைத் தொட்டு அடித்ததே இல்லை.

கண்ணகி தின்றாள். கண்ணீரும் மூக்குச்சளியுமாக, மணிக்கட்டில் ஒட்டியிருந்ததை நக்கி, கடைசித் துணுக்கு வரை தின்றாள். கொஞ்ச நேரம் எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆதியம்மாள் முதல் ஆளாக மகனுக்கு ஒரு மோதிரம் வாங்கினாள். மதியத்துக்குள் கழி காலி.

அன்று வாங்கி வந்த அரிசியைச் சமைத்தேன். அவர் சோற்றில் கை வைக்கவில்லை. எனக்கும் இறங்கவில்லை. என்ன பெற்றவர்கள் நாம் என்று இருந்தது. கண்ணகி மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்தாள்.

நாலு நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. மிட்டாயைக் கழியில் சுற்றி முடித்தவர், என்ன நினைத்தாரோ, கொஞ்சம் இழுத்து ஒரு மயில் செய்தார். தெருவில் விற்கிற மயில் இல்லை. தோகை, கொண்டை, கண் எல்லாம் வைத்த மயில். சட்டத்தைப் போட்டவரே உடைக்கிறாரே என்று நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தூங்கி எழுந்து வந்த கண்ணகியின் கையில் அதைக் கொடுத்து, "உனுக்குத்தாம்மா, துன்னு" என்றார்.

கண்ணகி மறுக்கவில்லை. மயிலைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து அவர் எதிரில் நின்றாள்.

"யாரும் இன்னும் வரலியேப்பா. யாருக்கு துன்னு காட்டணும்?"